அமைவுக் கோப்புகளுக்கான கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் நான்கைந்து பேரை வைத்து நடக்கும் மென்பொருள் அலுவலகங்களில், நிரல் எழுதுபவரே சர்வரையும் பார்த்துக்கொள்கிறார். வாடிக்கையாளர் போனில் கேட்கும் சிறு மாற்றத்தையும் அவரே செய்கிறார். அத்தகைய மாற்றங்களில் பெரும்பாலானவை யாமல் (YAML), ஜேசான் (JSON), டாமல் (TOML) போன்ற வடிவங்களில் எழுதப்பட்ட அமைவுக் கோப்புகளில்தான், அதாவது செயலி எப்படி இயங்க வேண்டும் என்ற மதிப்புகளை வைத்திருக்கும் கோப்புகளில்தான், நடக்கின்றன. நிரலில் பிழை இருந்தால் கம்பைலரோ டெஸ்ட்டோ காட்டிக்கொடுத்துவிடும். அமைவுக் கோப்பில் ஒரு மேற்கோள் குறி விடுபட்டால், அதைக் கண்டுபிடிக்க நாமே ஒரு கருவியை ஏற்பாடு செய்து வைத்திருந்தால்தான் உண்டு. அந்த ஏற்பாட்டை எப்படிச் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன். இரண்டு அளவுகோல்களை வைத்தே எல்லாக் கருவிகளையும் எடைபோடலாம் என்பது என் கருத்து. சந்தேகமான மதிப்பைக் கண்டால் தானாக ஊகித்துக்கொண்டு போகும் கருவியைவிட, பிழை சொல்லி நின்றுவிடும் கருவி மேலானது. கேட்ட இடத்தை மட்டும் மாற்றி, கோப்பின் மற்ற பகுதிகளை இருந்தபடியே விட்டுவைக்கும் கருவியே திருத்த வேலைக்கு ஏற்றது.

கருவியின் பெயரைத் தேடுவதற்கு முன், கோப்பை வைத்து என்ன வேலை செய்யப் போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. ஒரு மதிப்பை எடுத்து வேறொரு ஸ்கிரிப்டுக்குக் கொடுப்பது ஒரு வேலை. கோப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது மற்றொரு வேலை. மனிதர் எழுதிய கோப்பில் ஒரு மதிப்பைத் திருத்துவது மூன்றாவது. பத்து சர்வர்களுக்குப் பத்துக் கோப்புகளை உருவாக்குவது நான்காவது. முதல் வேலையில் சிறந்து விளங்கும் கருவி மூன்றாவது வேலையில் கோப்பைப் பாழாக்கிவிடக்கூடும் என்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே கருவி என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும்.

முதலில் ஒரு சோதனைக் கோப்பு

கருவிகளின் விளக்கப் பக்கங்களில் வரும் எடுத்துக்காட்டுகள் எப்போதும் ஒழுங்காகவே வேலை செய்யும். நம்முடைய தரவு அப்படி ஒழுங்காக இருப்பதில்லை. ஆகவே நம் ஊர்த் தரவைக் கொண்டே முப்பது வரிகளுக்குள் ஒரு சோதனைக் கோப்பை எழுதி, ஒவ்வொரு கருவியையும் அதன் மீது ஓட்டிப் பார்ப்பதுதான் நம்பத்தக்க வழி. அதில் எஸ்டிடி கோடுகள், பேருந்து நேரங்கள், நாடுகளின் இரண்டெழுத்துக் குறியீடுகள், நீளமான வங்கிக் கணக்கு எண், தமிழில் எழுதிய ஊர்ப் பெயர்கள், மனிதர் படிப்பதற்காக எழுதும் இரண்டு மூன்று குறிப்பு வரிகள் (கமென்ட்), வேண்டுமென்றே இருமுறை எழுதிய ஒரு பெயர் (மதிப்பைச் சுட்டும் கீ) ஆகியவை இருக்கட்டும்.

எஸ்டிடி கோட்டைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். நாகர்கோவிலின் கோடு 04652. இதை மேற்கோள் குறி இல்லாமல் யாமல் கோப்பில் எழுதி, பைத்தான் மொழியில் பரவலாகப் பயன்படும் பையாமல் (PyYAML) என்ற லைப்ரரியால் (ஆயத்த நிரல் தொகுப்பால்) படித்தால் கிடைப்பது 2474. காரணம், அந்த லைப்ரரி யாமலின் 1.1 பதிப்பைப் பின்பற்றுகிறது. அந்தப் பதிப்பில் பூச்சியத்தில் தொடங்கும் எண், எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ணாகக் கொள்ளப்படும். பக்கத்து மாநிலத்துத் திருவனந்தபுரத்தின் 0471 இதே வழியில் 313 ஆகிவிடும். ஆனால் திருச்சூரின் 0487 மட்டும் எழுதியபடியே உரையாக நிற்கும், ஏனென்றால் அதிலுள்ள 8 என்ற இலக்கம் எட்டடிமான எண்ணில் வர முடியாது. ஒரே பட்டியலில் சில கோடுகள் எண்ணாகவும் சில உரையாகவும் மாறுவதால், திருச்சூரை வைத்துச் சோதித்தவர் எல்லாம் சரியென்று நினைத்துக்கொள்வார். நாகர்கோவில் வாடிக்கையாளருக்குத்தான் அழைப்பு போகாது. 2009இல் வந்த 1.2 பதிப்பின் விதிப்படி படிக்கும் லைப்ரரியில் இதே மதிப்பு 4652 ஆகும். அங்கும் முன்னால் இருந்த பூச்சியம் போய்விடுகிறது.

அதே தரவை டாமல் கோப்பில் எழுதினால், பூச்சியத்தில் தொடங்கும் முழு எண்ணுக்கு அந்த வடிவத்தில் இடமே இல்லை என்பதால் பார்ஸர் (கோப்பைப் படித்துப் பொருள்கொள்ளும் நிரல்) பிழை சொல்லி நின்றுவிடும். ஜேசானின் இலக்கணமும் இதை அனுமதிப்பதில்லை. பைத்தானின் ஜேசான் லைப்ரரி அந்த வரியிலேயே நிற்கும். நான் சொன்ன முதல் அளவுகோலின்படி, இந்த இடத்தில் டாமலும் ஜேசானும் யாமலை வென்றுவிடுகின்றன. யாமலை விடவே முடியாத சூழலில், எண்ணைப் போலத் தோன்றினாலும் கணக்குப் போடப் பயன்படாத எல்லா மதிப்புகளையும், அதாவது தொலைபேசி எண், பின்கோடு, கணக்கு எண், பதிப்பு எண் ஆகியவற்றை, மேற்கோள் குறிக்குள்தான் எழுத வேண்டும் என்று அலுவலகத்தில் விதியாக்கிவிட வேண்டும். பதிப்பு எண்ணைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம், 1.10 என்று எழுதியது தசம எண்ணாகப் படிக்கப்பட்டு 1.1 ஆகிவிடும் என்பதே.

நேரங்களிலும் இதே சிக்கல் உண்டு. வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் நேரங்களைப் பட்டியலிடும்போது 16:30 என்று வெறுமனே எழுதினால், பையாமல் அதை அறுபதை அடிமானமாகக் கொண்ட எண்ணாக எடுத்துக்கொண்டு 990 என்று தரும். காலை 05:15 பூச்சியத்தில் தொடங்குவதால் உரையாகவே இருக்கும். ஆக, அதிகாலைப் பேருந்துகள் சரியாகத் தெரியும் திரையில் மாலைப் பேருந்துகள் விசித்திரமான எண்களாகத் தெரியும். வெளிநாட்டுக் கப்பல்களில் பணிபுரிவோரின் பதிவுகளை வைத்திருக்கும் செயலியில் நார்வேயின் குறியீடான என்ஓ என்ற இரண்டெழுத்து, 'இல்லை' என்று பொருள்பட்டு ஃபால்ஸ் ஆகிவிடுவதும் இந்த 1.1 பதிப்பின் விதியால்தான்.

சரிபார்க்கும் கருவிகள்

யாமல் கோப்புகளுக்கு யாமல்லிண்ட் என்ற கருவியை முதலில் நிறுவிக்கொள்ளலாம். ஒரே பெயர் இருமுறை வருவதையும் உள்தள்ளல் ஒழுங்கில்லாமல் இருப்பதையும் அது இயல்பாகவே சொல்லிவிடும். இருமுறை வந்த பெயரைப் பையாமல் எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டு கடைசி மதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும் என்பதால், இந்த ஒரு சோதனைக்காகவே யாமல்லிண்ட் தேவை. ஆனால் எட்டடிமான எண்களைப் பிடிக்கும் அதன் விதி இயல்பு நிலையில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆக்டல்-வேல்யூஸ் என்ற அந்த விதியை நாமாக இயக்கினால்தான் 04652 பிடிபடும். ஒரு கருவியை நிறுவியதோடு வேலை முடிந்தது என்று எண்ணாமல், சோதனைக் கோப்பை ஓட்டி எந்தெந்த வரிகள் பிடிபட்டன, எவை தப்பின என்று பார்த்து விதிகளை அமைத்துக்கொள்ள வேண்டும்.

இலக்கணம் சரியாக இருப்பதாலேயே பொருள் சரியாகிவிடாது. அணைகளின் நீர்மட்டம் ஒரு வரம்பைத் தாண்டினால் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு செயலியை எண்ணிப் பாருங்கள். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி, பெருஞ்சாணியின் மட்டம் 77 அடி. எச்சரிக்கை வரம்பை 42.0 என்று எழுத வேண்டிய இடத்தில் புள்ளி விடுபட்டு 420 ஆகிவிட்டால், யாமல்லிண்ட் அதில் எந்தக் குறையும் காணாது. செயலியும் பிழையின்றி ஓடும். எச்சரிக்கை மட்டும் ஒருபோதும் போகாது. இத்தகைய பிழைகளைப் பிடிக்க ஜேசான் ஸ்கீமா, அதாவது எந்த மதிப்பு எப்படி இருக்கலாம் என்ற விதிகளை எழுதிவைக்கும் கோப்பு, வேண்டும். பேச்சிப்பாறையின் வரம்பு ஓர் எண்ணாக இருக்க வேண்டும், 0க்குக் குறையவோ 48ஐத் தாண்டவோ கூடாது என்று ஸ்கீமாவில் ஒருமுறை எழுதிவிட்டால், செக்-ஜேசான்ஸ்கீமா போன்ற கருவி யாமல் கோப்பையும் ஜேசான் கோப்பையும் அதனோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும். ஸ்கீமாவில் குறிப்பிடாத பெயர்களை ஏற்கக் கூடாது என்ற விதியையும் மறவாமல் சேர்க்க வேண்டும், ஏனென்றால் எழுத்துப்பிழையோடு எழுதிய பெயர் புதிய பெயராகக் கருதப்பட்டு அமைதியாகப் புறக்கணிக்கப்படுவதுதான் அமைவுக் கோப்புகளில் கண்டுபிடிக்க மிகக் கடினமான பிழை.

ஸ்கீமாவுக்கும் ஓர் எல்லை உண்டு. எச்சரிக்கை வரம்பு அபாய வரம்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதைப் போல, ஒரே கோப்பின் இரண்டு மதிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் வசதி அதன் தரநிலையில் இல்லை. அதற்குக் க்யூ (CUE) என்ற அமைவு மொழியைக் கற்கலாம். பத்து வரிப் பைத்தான் டெஸ்ட் எழுதினாலும் போதும். சிறிய குழுவுக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன், ஏனென்றால் அடுத்து வேலைக்கு வருபவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஸ்கீமாவின் இன்னொரு பயன் எடிட்டரில் கிடைக்கிறது. விஎஸ் கோடில் ஜேசான் ஸ்கீமாவுக்கான ஆதரவு உள்ளேயே இருக்கிறது. யாமலுக்கு ரெட் ஹேட் வெளியிட்டுள்ள நீட்சியைச் சேர்த்துக்கொண்டால், தட்டச்சு செய்யும்போதே தவறான மதிப்பின் கீழே கோடு விழும். எடிட்டரில் ஒரு விதமும் சர்வரில் வேறொரு விதமுமாக இல்லாமல், ஒரே ஸ்கீமா கோப்பை இரண்டு இடங்களிலும் பயன்படுத்துவது முக்கியம்.

படிக்கவும் திருத்தவும்

ஜேசானிலிருந்து மதிப்புகளை எடுப்பதற்கு ஜேக்யூவுக்கு (jq) இணையாக வேறொன்றைச் சொல்வது கடினம். 2012இல் தொடங்கி இன்றுவரை வளர்ந்துவரும் அந்தக் கருவி சிறியது, வேகமானது, லினக்ஸ் எதிலும் எளிதில் கிடைப்பது. ஆயினும் இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. முதலாவது, 2023இல் வந்த 1.7 பதிப்புக்கு முந்தைய ஜேக்யூ, 17 அல்லது 18 இலக்க எண்களின் கடைசி இலக்கங்களை மாற்றிவிடும். வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாக எழுதியிருந்தால் வேறொருவரின் கணக்காகிவிடக்கூடும். 1.7இல் அந்த மதிப்பைத் தொடாமல் கடத்தினால் அப்படியே வரும். கணக்கீட்டில் சேர்த்தால் பழையபடி மாறிவிடும். இரண்டாவது, திருத்தியதை அதே கோப்பில் எழுதும் வசதி ஜேக்யூவில் இல்லை. வெளியீட்டை அதே கோப்பின் பெயருக்குத் திருப்பிவிட்டால், ஜேக்யூ படிக்கத் தொடங்கும் முன்பே, கட்டளைகளை இயக்கும் ஷெல் அந்தக் கோப்பைக் காலியாக்கிவிடும். தற்காலிகக் கோப்பில் எழுதி, சரியாக இருப்பதை உறுதிசெய்த பிறகு பெயர் மாற்றுவதே முறை.

யாமலுக்கு ஒய்க்யூ (yq) என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு கருவிகள் இருப்பதைப் பலர் அறிவதில்லை. ஒன்று கோ மொழியில் எழுதப்பட்டது. மற்றொன்று பைத்தானில் எழுதப்பட்டு, யாமலை ஜேசானாக மாற்றி ஜேக்யூவிடம் கொடுத்து வாங்குவது. இரண்டின் கட்டளைகளும் ஒன்றல்ல. டெபியன் 12இலும் உபுண்டு 24.04இலும் ஏபிடி என்ற நிறுவும் கருவி வழியாக நிறுவினால் பைத்தான் கருவி கிடைக்கும். மேக்கில் ஹோம்ப்ரூ வழியாக நிறுவினால் கோ கருவி கிடைக்கும். மதிப்பை எடுக்க மட்டும் என்றால் எதுவானாலும் சரி. திருத்த வேண்டுமென்றால் வேறுபாடு பெரிது, ஏனென்றால் ஜேசானில் குறிப்பு எழுத இடமில்லை. ஆகவே பைத்தான் கருவியின் வழியாகப் போய்வந்த கோப்பில் நாம் எழுதிய குறிப்பு வரிகள் எதுவும் மிஞ்சாது. அணை வரம்புக்குப் பக்கத்தில் 'தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இதைக் குறைக்கவும், வடகிழக்குப் பருவமழைக்கு மீண்டும் பார்க்கவும்' என்று எழுதிவைத்த வரி தொலைந்தால், அந்த எண்ணுக்கான காரணமும் அதோடு தொலைந்துவிடும். இரண்டு பருவமழையையும் பெறும் நம் குமரி மாவட்டத்தில் அத்தகைய குறிப்புகள் வெறும் அலங்காரம் ஆகா. கோ கருவி குறிப்புகளைப் பெரும்பாலும் காப்பாற்றுகிறது. காலி வரிகளும் இடைவெளிகளும் சில நேரங்களில் மாறலாம். பைத்தானுக்குள்ளிருந்தே திருத்துவதாக இருந்தால் யாமலுக்கு ருவாமல், டாமலுக்கு டாமல்கிட் ஆகிய லைப்ரரிகள் குறிப்புகளோடு சேர்த்துத் திருப்பி எழுதும். பைத்தான் 3.11இலிருந்து உடன் வரும் டாமல்லிப் படிப்பதற்கு மட்டுமே. அதனால் எழுத முடியாது.

இதற்கான சோதனை மிக எளிது. எந்த மாற்றமும் கேட்காமல் கோப்பைக் கருவி வழியாகப் படித்து எழுதவைத்து, மாறிய வரிகளைக் காட்டும் கிட் டிஃப் போட்டுப் பாருங்கள். ஒரு வரியும் மாறவில்லை என்றால் அந்தக் கருவியைத் திருத்தத்துக்கு நம்பலாம். நாற்பது வரிகள் சிவப்பும் பச்சையுமாக வந்தால், நாளைக்கு ஒரே ஒரு எண்ணை மாற்றும் கமிட்டை (கிட்டில் பதிவுசெய்த மாற்றத்தை) சரிபார்ப்பவர் எந்த வரியைப் பார்ப்பது என்று தெரியாமல் திணறுவார். தரவைக் கோப்பாக எழுதும் பையாமலின் டம்ப் செயல்பாடு, பெயர்களை அகரவரிசைப்படுத்துவதும் இயல்பு நிலையில் நடப்பதுதான். அதை அணைக்க வேண்டும். கூடவே, வெளியாரிடமிருந்து வரும் கோப்பைப் படிக்கும்போது சேஃப் லோட் என்ற செயல்பாட்டையே அழைக்க வேண்டும். கட்டுப்பாடற்ற லோடர், கோப்பில் எழுதியிருப்பதை நிரலாக இயக்கவும் இடம்கொடுத்துவிடும்.

செட், ஆக் என்ற உரைக் கருவிகளைக் கொண்டு அமைவுக் கோப்புகளைத் திருத்துவதை விட்டுவிடுவதே நல்லது. அவற்றுக்கு வரிகள்தான் தெரியும், கட்டமைப்பு தெரியாது.

தமிழ் எழுத்துகள்

ஊர்ப் பெயர்களையும் வாடிக்கையாளருக்குக் காட்டும் செய்திகளையும் தமிழிலேயே வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தவறாமல் சோதிக்க வேண்டும். பைத்தானின் ஜேசான் லைப்ரரி இயல்பாக ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் சாய்கோட்டோடு தொடங்கும் குறியெண்ணாக மாற்றி எழுதும். கணினிக்கு அதில் சிரமமில்லை. திறந்து பார்க்கும் மனிதருக்குத்தான் ஒன்றும் புரியாது. ஜேசானுக்கு என்ஷூர் ஆஸ்கி என்ற விருப்பத்தை அணைத்தும், பையாமலுக்கு அலவ் யூனிகோட் என்ற விருப்பத்தை இயக்கியும் இதைச் சரிசெய்யலாம். ஜேக்யூ தமிழைத் தமிழாகவே தரும். டாமல் 1.0இல் பெயரைத் தமிழில் வைக்க விரும்பினால் அதை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும்.

இன்னும் நுட்பமானது ஒன்று உண்டு. கோட்டாறு என்ற பெயரின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் ஒரு கோப்பில் ஒரு விதமாகவும் இன்னொரு கோப்பில் மற்ற விதமாகவும் இருந்தால், கோட்டாறு என்று தேடும் நிரலுக்குக் கோட்டாறு கிடைக்காது. யாமல்லிண்ட் போன்ற சரிபார்க்கும் கருவிகள் இதை இயல்பாகச் சொல்வதில்லை. எல்லாக் கோப்புகளையும் என்எஃப்சி என்ற யூனிகோட் இயல்பாக்கத்துக்கு உட்படுத்தும் ஒரு சிறிய ஸ்கிரிப்டை கமிட்டுக்கு முன் ஓட்டினால் போதும். என் பரிந்துரை, மதிப்புகள் தமிழில் இருக்கட்டும், பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும் என்பது.

விண்டோஸ் மடிக்கணினியில் வேலை செய்பவர்கள் பவர்ஷெல் 5.1ஐப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். அதில் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் யூடிஎஃப்-16 குறியாக்கத்தில் எழுதும். லினக்ஸ் சர்வரில் பல பார்ஸர்கள் அதைக் கண்டு திகைக்கும். ஜேசானாக மாற்றும் அதன் கட்டளை இரண்டு அடுக்குகளுக்குக் கீழே உள்ளவற்றை வெற்று உரையாகச் சுருக்கிவிடுவதால், ஆழத்தைக் குறிப்பிடும் விருப்பத்தை எப்போதும் சேர்த்தே எழுத வேண்டும்.

கோப்புகளை உருவாக்கும் ஜேசானெட், ஹெல்ம், கஸ்டமைஸ் போன்றவற்றைப் பற்றி விரிவாகச் சொல்லப் போவதில்லை. சோதனைக்கு ஒன்று, நேரடிப் பயன்பாட்டுக்கு ஒன்று என இரண்டு மூன்று கோப்புகள் மட்டும் உள்ள இடத்தில் அவை பாரமாகிவிடும். பல சர்வர்களில் செயலிகளை இயக்கி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸைப் பயன்படுத்துபவர்களுக்கு வேறு வழியில்லை என்பதால், அவர்கள் அந்தச் சூழலில் ஏற்கெனவே வழக்கிலுள்ளதையே எடுத்துக்கொள்ளலாம்.

நிறுவும்போது

ஜேசானையும் யாமலையும் ஒட்டிப் பார்த்துச் சரிபார்த்துத் தரும் இணையப் பக்கங்களை அலுவலகக் கோப்புகளுக்குப் பயன்படுத்தவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். டேட்டாபேஸ் கடவுச்சொல், குறுஞ்செய்தி சேவையின் சாவி, வாடிக்கையாளரின் விவரம் ஆகிய எல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கின்றன; ஒட்டிய பிறகு அவை எங்கே சேமிக்கப்படுகின்றன என்பது நம் கையில் இல்லை. ரகசியங்களைக் கிட்டில் வைத்தே ஆக வேண்டுமென்றால் சாப்ஸ் என்ற கருவியைப் பாருங்கள். அது பெயர்களைப் படிக்கும்படி விட்டுவிட்டு மதிப்புகளை மட்டும் குறியாக்கம் செய்வதால், எந்த அமைவு மாறியது என்பதை டிஃப்பில் பார்க்க முடிகிறது.

இணையம் இல்லாமலும் ஓடும் கருவியாக இருப்பது இன்னொரு காரணத்துக்காகவும் நல்லது. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு மழை நாளில் இணைப்பு விட்டுவிட்டு வரும்போது, ஒவ்வொரு முறையும் ஸ்கீமாவை இணையத்திலிருந்து இறக்கும் அமைப்பு பயன்படாது. ஸ்கீமா கோப்பைத் திட்டத்தின் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கோ ஒய்க்யூ, ஜேக்யூ ஆகியவை தனிக் கோப்பாகக் கிடைப்பதால், ஒருமுறை பதிவிறக்கியதை அலுவலகத்தில் எல்லோருக்கும் பென்டிரைவில் கொடுத்துவிடலாம்.

தேர்ந்தெடுத்த கருவிகளின் பெயரையும் துல்லியமான பதிப்பு எண்ணையும் திட்டத்தின் ரீட்மீ கோப்பில் எழுதி, கமிட்டுக்கு முன் சோதனைகளை ஓட்டும் ப்ரீ-கமிட் அமைப்பில் அதே எண்ணைக் கட்டிவையுங்கள். ஒருவர் கணினியில் ஜேக்யூ 1.6, இன்னொருவர் கணினியில் 1.7 என்றிருந்தால், மேலே சொன்ன கணக்கு எண் ஒருவருக்குச் சரியாகவும் மற்றவருக்குத் தவறாகவும் வரும். சோதனைக் கோப்பையும் அதே கோப்புறையில் வைத்து, அதை ஓட்டினால் வர வேண்டிய பிழைகளின் பட்டியலைப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். கருவியின் புதிய பதிப்பு வரும்போது முதலில் இந்தக் கோப்பின் மீது ஓட்டுங்கள்; நேற்றுவரை பிடிபட்ட 04652 இன்றும் பிடிபட்டால் மட்டும் மற்றவர்களின் கணினிகளுக்கு அந்தப் பதிப்பைக் கொடுங்கள்.